கேள்வி – பதில்: மதச் சீர்திருத்தமும் முற்போக்குச் சிந்தனையும்

கேள்வி: நான் சேலம் அஸ்தம்பட்டியில் வசிக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியை. நீதிக்கட்சி திராவிடர் கழகமாகப் பெயர் மாறிய 1944 சேலம் மாநாட்டுக்குத் தம் தந்தை போய்வந்ததைப் பெருமையாகச் சொல்பவர் என் கணவர். மேல்நாட்டு முற்போக்குச் சிந்தனை மதத்தை எதிர்த்தே வளர்ந்தது என்று அவர் இங்கர்சாலைக் காட்டிப் பேசுகிறார். பதினாறாம் நூற்றாண்டில் கத்தோலிக்கத் திருச்சபையை எதிர்த்த ஜெர்மன் துறவி லூத்தரின் சீர்திருத்தமே அதற்கு வேர் என்கிறார் சி.எஸ்.ஐ. சபையைச் சேர்ந்த என் தம்பி மனைவி. யார் சொல்வது சரி?

பதில்: தங்கள் கணவர் காட்டும் இங்கர்சாலிலிருந்தே தொடங்குகிறேன். சுயமரியாதை இயக்கத்தார் தமிழில் கொண்டுவந்த அந்த அமெரிக்க மதமறுப்புப் பேச்சாளரின் தந்தை, காங்கிரிகேஷனல் சபையின் போதகர். அடிமை முறையை எதிர்த்தவர். ஆயரும் அரசரும் தலையிடாமல் ஒவ்வொரு சபையும் தன் காரியங்களைத் தானே முடிவுசெய்ய வேண்டும் என்பது அந்தச் சபையாரின் கொள்கை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் சேலத்தில் ஊழியம் செய்த லண்டன் மிஷனும் பெரும்பாலும் அதே மரபினரைக் கொண்டது. ஆகவே, தங்கள் வீட்டில் எதிரெதிரே உட்கார்ந்து வாதாடும் இருவரின் கருத்துகளுக்கும் பாட்டன் வீடு ஒன்றுதான்.

ஆனால் அந்த வீட்டை, அதாவது லூத்தர் தொடங்கிய சீர்திருத்த மரபை, கட்டியவர்கள் சிந்தனைச் சுதந்திரத்துக்காகக் கட்டவில்லை. பாவமன்னிப்புச் சீட்டு விற்பதை எதிர்த்து 1517-இல் லூத்தர் எழுதியபோது அவர் கவலையெல்லாம் ஆன்ம மீட்பைப் பற்றியது. 1522-இல் அவருடைய ஜெர்மன் புதிய ஏற்பாடு அச்சேறியது. வேதத்தை அவரவர் மொழியில் அவரவரே படிக்கலாம் என்று சொன்ன பிறகு, இன்னபடிதான் பொருள்கொள்ள வேண்டும் என்று யாராலும் கட்டளையிட்டு நிறுத்த முடியவில்லை. நிறுத்த முயலாமலும் இல்லை. பிதா, சுதன், பரிசுத்த ஆவி மூவரும் ஒரே கடவுள் என்னும் திரித்துவத்தை மறுத்த செர்வெட்டஸ் என்ற மருத்துவர், கத்தோலிக்க விசாரணையிலிருந்து தப்பி ஓடிவந்து, மற்றொரு சீர்திருத்தத் தலைவரான கால்வின் செல்வாக்குப் பெற்றிருந்த ஜெனீவாவில் 1553 அக்டோபர் 27 அன்று உயிரோடு எரிக்கப்பட்டார். அதைக் கண்டு கொதித்தவர், முன்பு அதே நகரில் பள்ளித் தலைமையாசிரியராக இருந்த காஸ்டெல்லியோ. ஒரு மனிதனைக் கொல்வது கோட்பாட்டைக் காப்பதாகாது, மனிதனைக் கொல்வதே ஆகும் என்று அவர் எழுதினார். மேற்கின் சகிப்புத்தன்மை வெற்றிபெற்ற சபைகளின் பரிசு அன்று. அந்தச் சபைகளிடம் அடிபட்டவர்கள் கேட்டுக் கேட்டுப் பெற்றது. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் குடியேற்றத்திலிருந்து துரத்தப்பட்ட போதகர் ரோஜர் வில்லியம்ஸ் 1636-இல் பிராவிடன்ஸ் குடியிருப்பை நிறுவி, மனச்சாட்சி விஷயத்தில் அரசுக்கு அதிகாரமில்லை என்றார். 1689-இல் சகிப்புத்தன்மை பற்றி எழுதிய ஆங்கிலத் தத்துவஞானி ஜான் லாக் அந்த அளவுக்குக்கூட வரவில்லை. நாத்திகர்களுக்கு அவர் இடம் தரவில்லை.

இதில் எனக்கு மிகவும் முக்கியமாகப் படுவது ஒரு விண்ணப்பம். 1688-இல் பென்சில்வேனியாவின் ஜெர்மன்டவுனில் குவேக்கர் என்னும் சீர்திருத்தக் கிறிஸ்தவப் பிரிவின் வழிபாட்டைச் சேர்ந்த நால்வர், பிறர் நமக்கு எதைச் செய்ய விரும்புகிறோமோ அதையே நாம் அவர்களுக்குச் செய்ய வேண்டும் என்ற வேத வாக்கைக் காட்டி, மனிதர்களை வாங்கி விற்பது எப்படித் தகும் என்று கேட்டுக் கையொப்பமிட்டார்கள். அந்தப் பிரிவின் உள்ளூர் நிர்வாக அவையான மாதக் கூட்டம் அதைப் படித்துவிட்டு, பெரிய விஷயம் என்று மேல் அவையான காலாண்டுக் கூட்டத்துக்கு அனுப்பியது. அது ஆண்டுக் கூட்டத்துக்கு அனுப்பியது. அங்கே முடிவு சொல்லாமல் விட்டுவிட்டார்கள். உறுப்பினர் எவரும் அடிமை வைத்திருக்கக் கூடாது என்று பிலடெல்பியா ஆண்டுக் கூட்டம் விதித்தது 1776-இல். இடையில் 88 ஆண்டுகள். அத்தனை காலமும் அந்தக் கேள்வியை விடாமல் எழுப்பியவர்களும் பக்தர்கள். அதைத் தட்டிக்கழித்தவர்களும் பக்தர்கள். தங்கள் வீட்டு வாக்குவாதத்தில் இருவருமே இந்த இரண்டாவது உண்மையை மனத்தில் கொள்ள வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

கேள்வி: ஜெர்மனியில் குடியானவர்கள் கலகம் செய்து எழுந்தபோது லூத்தர் பிரபுக்கள் பக்கம் நின்றார் என்று படித்தேன். அப்படியானால் அவரை எப்படி முற்போக்காளர் என்பது? (கல்லூரி மாணவர், ஏற்காடு)

பதில்: அவரை அப்படிச் சொல்ல வேண்டியதில்லை. 1525-இல் மெம்மிங்கன் நகரில் குடியானவர்கள் பன்னிரண்டு கோரிக்கைகளை வகுத்தார்கள். தங்கள் போதகரைத் தாங்களே தேர்ந்துகொள்வது, ஓடையில் மீன் பிடிப்பது, காட்டில் விறகும் வீடு கட்ட மரமும் எடுப்பது ஆகியவை அவற்றில் அடங்கும். ஆடு மேய்ப்பவனையும் பிரபுவையும் கிறிஸ்து தம் இரத்தத்தால் ஒன்றாகவே மீட்டிருக்க, நாங்கள் மட்டும் பிறரின் உடைமையாக இருப்பது எப்படி என்று மூன்றாம் கோரிக்கை கேட்டது. எந்தக் கோரிக்கையாவது வேதத்துக்கு முரண் என்று காட்டினால் அதைக் கைவிடுகிறோம் என்றும் முடிவில் எழுதியிருந்தார்கள். லூத்தர் முதலில் பிரபுக்களையும் கண்டித்தார்; கலகம் பரவியதும் குடியானவர்களை வெட்டி வீழ்த்தச் சொன்னார். பல்லாயிரவர் மாண்டார்கள். சேர்வராயன் மலையில் விறகுச் சுமைக்காகக் காட்டைச் சார்ந்து வாழ்ந்த குடும்பத்தவர் எவரும் அந்தப் பன்னிரண்டையும் விளக்கவுரை இல்லாமலே புரிந்துகொள்வார்கள். வேதம் ஒருவர் கைக்கு வந்தால் அவர் அதில் எதைத் தேடுவார் என்பதை லூத்தரைவிட அவர்கள் நன்றாக அறிந்திருந்தார்கள்.