ஓட்ஸி கிடைத்த இடத்துக்கு மகனோடு ஏறலாமா?

வணக்கம். ஜூலையில் மூன்று நாள் இத்தாலியின் ஷ்னால்ஸ் பள்ளத்தாக்கில் தங்கி, பன்னிரண்டு வயது மகனோடு ஓட்ஸி, அதாவது பனியில் உறைந்து கெடாமல் இருந்த பழங்கால மனிதனின் உடல், கிடைத்த இடம்வரை ஏற முடியுமா என்று கேட்டிருந்தீர்கள்.

ஏறலாம், ஆனால் ஒரே நாளில் போய்த் திரும்ப நினைக்காதீர்கள். ஏறத் தொடங்கும் ஃபெர்னாக்ட் ஏரிக்கரையின் உயரம் சுமார் 1,700 மீட்டர். சிமிலௌன் மலைக்குடில் 3,019 மீட்டர். அந்த ஏற்றத்திலேயே பையன் களைத்துவிடுவான். குடிலில் இரவு தங்குங்கள், இடத்தை முன்பதிவு செய்துவிடுங்கள். மறுநாள் காலை வானம் தெளிவாக இருந்தால் மட்டும், 3,210 மீட்டர் உயரத்தில் உள்ள அந்த இடத்துக்குப் போங்கள். வழியில் பாறையும் ஜூலையிலும் கரையாத பனியும் இருக்கும். சந்தேகமாக இருந்தால் உள்ளூர் வழிகாட்டியைக் கூட்டிக்கொள்ளுங்கள். மேலே ஒரு கல் நினைவுத்தூண்தான் இருக்கிறது. உடல் அங்கே இல்லை.

அதனால் முதல் நாளே போல்சானோ நகர அருங்காட்சியகம் போய்விடுங்கள். சின்ன ஜன்னல் வழியாக 5,300 ஆண்டு பழைய அந்த உடலைப் பார்க்கலாம். அவருடைய காலணியை மகனுக்கு அவசியம் காட்டுங்கள்: தோலுக்குள் குளிருக்காக உலர்ந்த புல் திணித்திருக்கிறார்கள். எனக்கு அவரோடு கிடைத்த செப்புக் கோடரியைவிட அதுதான் மனதில் நிற்கிறது. அதைப் பார்த்தபின் அந்தப் பனியில் நடப்பதே வேறு அனுபவம்.

மூன்றாம் நாள் இறங்கியபின் கால் வலிக்கும். அதே பள்ளத்தாக்கில் உள்ள உன்சர் ஃப்ராவ் கிராமத்தின் ஆர்க்கியோபார்க் என்ற திறந்தவெளி அருங்காட்சியகத்தில் புதிய கற்காலக் குடிசைகளைப் பார்த்துவிட்டு, பையனை வில் எய்ய விடுங்கள்.