கூத்து மேடைக்குப் போகும் ஆம்ப்ளிபயர்

வணக்கம் அண்ணா,

காவேரிப்பட்டணம் பக்கத்திலிருந்து எழுதுகிறேன். 35-0-35 வோல்ட் டிரான்ஸ்பார்மர் வைத்து, சேனலுக்கு 100 வாட், 8 ஓம் ஸ்டீரியோ ஆம்ப்ளிபயர் செய்கிறேன். ஹம் என்ற உறுமல் சத்தம் குறைய பவர் சப்ளையைத் தனிப் பெட்டியில் வைக்கப் போகிறேன். ஊர்த் தெருக்கூத்துக்கும் இதைத்தான் எடுத்துப்போவேன். இரண்டு பெட்டிக்கும் நடுவில் மைக்குக்குப் போடும் எக்ஸ்எல்ஆர் கனெக்டர் போடலாமா, ஸ்பீக்கருக்குப் போடும் ஸ்பீக்கானா? போர்வெல் மோட்டார் கேபிள் மீதி இருக்கிறது, அது ஆகுமா?

அன்புள்ள தம்பிக்கு,

வீட்டிலேயே இருக்கும் செட் என்றால் இவ்வளவு யோசிக்க வேண்டியதில்லை. கூத்து விடிய விடிய நடக்கும். அரை இருட்டில் யாரோ ஒரு பையன் அவசரமாக கேபிள் மாட்டுவான். நான்கு பின் ஸ்பீக்கான் வைத்தால் அதில் ஸ்பீக்கர் கேபிளைச் சொருகிவிடுவான். 35 வோல்ட் ஏசி டிசியாக மாறும்போது சுமார் 48 வோல்ட் ஆகும்; அது நேராக இறங்கி ஸ்பீக்கருக்குள் இருக்கும் வாய்ஸ் காயில் கருகிவிடும். மூன்று பின் எக்ஸ்எல்ஆர் என்றால் மைக்கோ மிக்சரோ போகும். வீட்டு மூன்று பின் பிளக்கை நினைக்கவே வேண்டாம், அது 230 வோல்ட்டில் போய் உட்காரும். ஆகவே இந்த ஓட்டையில் தவறாக எது நுழையும் என்பதை முதலில் பாருங்கள். ஆம்பியர் கணக்கு அப்புறம்.

அந்தக் கணக்கு எளிது. 8 ஓமில் 100 வாட்டுக்கு உச்சம் 5 ஆம்பியர், இரண்டு சேனலும் சேர்ந்து 10. சராசரி ஒரு ரெயிலுக்கு, அதாவது பிளஸ் அல்லது மைனஸ் சப்ளை லைனுக்கு, 3 ஆம்பியர் சொச்சம்தான்.

நான் எட்டு பின் ஸ்பீக்கான் போடச் சொல்வேன். நான்கு பின் பிளக் அதில் நுழையாது, திருகினால் பூட்டிக்கொள்ளும், விரல் பின்னைத் தொடாது. பிளஸ், மைனஸ், நடு வயரான ஜீரோ, எர்த் நான்குக்கும் இரண்டிரண்டு பின். பெங்களூர் எஸ்.பி. ரோட்டு எலக்ட்ரானிக்ஸ் கடைகளில் தேடிப் பாருங்கள்.

ஏசியை டிசியாக்கும் ரெக்டிபயரும் பெரிய கெபாசிட்டர்களும் டிரான்ஸ்பார்மர் பெட்டியிலேயே இருக்கட்டும். ஏசியைக் கேபிளில் அனுப்பினால் கெபாசிட்டர் சார்ஜ் ஆகும்போது நொடிக்கு 100 தடவை பெரிய கரண்ட் துடிப்பு அதில் ஓடும். எந்த ஹம்முக்குப் பயந்து பெட்டியைப் பிரித்தீர்களோ அதுவே கேபிள் வழியாக வந்துவிடும். ஆம்ப்ளிபயர் போர்டு பக்கத்தில் ரெயிலுக்கு 2200 மைக்ரோபாரட் கெபாசிட்டர் போதும். ஒவ்வொரு ரெயிலுக்கும் ஜீரோவுக்கும் நடுவில் 2.2 கே, 5 வாட் ரெசிஸ்டர் ஒன்று இரண்டு பெட்டியிலும் வையுங்கள். ஆஃப் செய்தபின் 10,000 மைக்ரோபாரட் கெபாசிட்டரில் தேங்கிய மின்சாரம் கூட ஒரு நிமிடத்தில் அடங்கிவிடும். ஆன் செய்தபடி கேபிளைக் கழற்றவே கூடாது. ஒரு ரெயில் முந்திப் போனால் ஸ்பீக்கருக்கு டிசி போகும்.

போர்வெல் கேபிள் நல்ல செம்புதான், ஆனால் மூன்று கோர். எர்த்துக்கு வயர் இருக்காது. 2.5 சதுர மில்லிமீட்டர், நான்கு கோர் ரவுண்ட் கேபிள் வாங்குங்கள். மீட்டருக்குச் சுமார் 8 மில்லி ஓம், 10 ஆம்பியரில் 0.08 வோல்ட்தான் இறங்கும். ஸ்குரூவில் இறுக்கும் முனைக்கு ஈயம் வைக்காதீர்கள். ஈயம் நாளடைவில் நசுங்கி இணைப்பு தளரும். வயர் முனையில் பின் லக் என்ற உலோகக் குழாய் முனையை அடித்து இறுக்குங்கள்.

எர்த் விஷயத்தில் மட்டும் சமாதானமே வேண்டாம். கூத்துக்காரர்கள் வெறுங்காலோடு ஈரத்தரையில் மைக் முன்னால் ஆடுகிறார்கள். டிரான்ஸ்பார்மர் இன்சுலேஷன் போனால் மைக் உடம்பு வரைக்கும் மின்சாரம் வரும். ஜீரோவை ஆம்ப்ளிபயர் பெட்டியின் உடம்போடு ஒரே ஓர் இடத்தில் சேருங்கள். மெயின் பிளக்கைக் கழற்றிவிட்டு, அதன் எர்த் பின்னிலிருந்து ஆம்ப்ளிபயர் பெட்டி வரை மல்டிமீட்டர் வைத்துப் பாருங்கள். ஒரு ஓமுக்கும் கீழே காட்ட வேண்டும். கூத்துத் திடலில் கரண்ட் கொடுக்கும் சாக்கெட்டில் எர்த் உண்மையிலேயே இருக்கிறதா என்று அங்கே போனதும் வயர்மேனை வைத்துப் பார்த்துவிடுங்கள்.