அப்பாவின் ஓய்வூதியமும் உங்கள் சம்பளமும்

திருகோணமலை உப்புவெளியில் வீட்டிலிருந்தபடியே கொழும்பு நிறுவனமொன்றுக்கு வேலை செய்யும் உங்களை, அது நிரந்தர உத்தியோகம் அன்று எனக் கூறி அரசாங்கப் பரீட்சை எழுதுமாறு அப்பா வற்புறுத்துவதாகவும், 26 வயதிலும் முழுச் சம்பளத்தையும் கேட்பதாகவும், தனி அறை எடுத்துச் செல்ல நினைப்பதாகவும் எழுதியுள்ளீர்கள்.

அவருடைய அச்சம் வெறும் பிடிவாதமன்று. போரையும் 2004ஆம் ஆண்டுச் சுனாமியையும் கண்ட திருகோணமலையில், மாதந்தவறாத அரச சம்பளமும் அதைத் தொடர்ந்த ஓய்வூதியமுமே பல குடும்பங்களைத் தாங்கின. ஆயினும் 2022 செப்டெம்பரில் பணவீக்கம் 70 வீதத்தை நெருங்கியபோது, அதே ஓய்வூதியத்தில் வாங்கக்கூடிய அரிசியும் மாவும் எவ்வளவு சுருங்கின என்பதையும் அவர் அறிவார்.

முதலில் உங்கள் நியமனக் கடிதத்தைப் பாருங்கள். ஓய்வுக்காலச் சேமிப்பான ஊழியர் சேமலாப நிதிக்குச் சம்பளத்தில் உங்களிடமிருந்து 8 வீதமும் நிறுவனத்திடமிருந்து 12 வீதமும், ஊழியர் நம்பிக்கை நிதிக்கு நிறுவனம் தனியாக 3 வீதமும் செலுத்தப்படுமாயின், கடிதத்தின் அந்தப் பகுதியை அப்பாவிடம் காட்டுங்கள். நீங்கள் தனி ஒப்பந்தக்காரராகவே பதியப்பட்டு இவை எதுவும் செலுத்தப்படாவிட்டால், இவ்விடயத்தில் அவர் சொல்வதே சரி, அந்தப் பங்கை நீங்களே சேமிக்க வேண்டும்.

முழுச் சம்பளத்தையும் கொடுக்காதீர்கள். மின்கட்டணம், கடைச்சாமான் எனக் குறித்த செலவுகளைப் பொறுப்பேற்றுக்கொள்ளுங்கள். (எங்கள் வீட்டு மின்கட்டணத்தை நான் ஏற்ற பின்னரே என் தகப்பனார் என் வேலையைப் பற்றி அயலவரிடம் பேசத் தொடங்கினார்.) தனி அறை எடுப்பதை, ஆறு மாதச் செலவுக்கான பணம் கையிருப்பில் சேரும்வரை தள்ளிவையுங்கள்.