வாசகர் கேள்வி பதில்: கண்ணு பார்க்குதா, மூளை பார்க்குதா?

கேள்வி: கண்ணாடி முன்னாடி நின்னு என் இடது கண்ணையும் வலது கண்ணையும் மாத்தி மாத்திப் பார்க்கிறேன், ஆனா என் கண்ணு நகர்றதே எனக்குத் தெரிய மாட்டேங்குது. பக்கத்துல நிக்கிற தம்பிக்கு மட்டும் நல்லா தெரியுதாம். எனக்கு ஏதாவது கோளாறா?

பதில்: ஒரு கோளாறும் இல்லைங்க, யாருக்குமே தெரியாது. எர்ட்மன், டாட்ஜ்னு ரெண்டு ஆராய்ச்சியாளர்கள் 1898-லயே இதை எழுதி வச்சிருக்காங்க. நம்ம கண்ணு ஒரு இடத்துல சும்மா நிக்கிற ரகம் இல்லை, செகண்டுக்கு மூணு தடவை போல டக் டக்னு தாவிக்கிட்டே இருக்கும், இந்தத் தாவலுக்கு சக்காட்னு பேரு. தாவுற நேரத்துல விழித்திரைல விழற பிம்பம் மொத்தமும் கலங்கிப் போகும், அதை அப்படியே நமக்குக் காட்டினா தலை சுத்திடும், அதனால மூளை அந்த நேரத்துக்கு மட்டும் பார்வையை நைசா மட்டுப்படுத்திட்டு, முன்ன பார்த்ததையும் பின்ன பார்த்ததையும் ஒட்டவச்சு, நடுவுல ஒண்ணுமே நடக்காத மாதிரி காட்டிடுது. தாவுறது உங்க கண்ணு, தம்பியோடது இல்லையே, அதான் அவருக்குத் தெரியுது.

செல்போன் செல்ஃபி கேமராவுல இதையே செஞ்சு பாருங்க, கண்ணு அசையறது தெரியும்! ஸ்க்ரீன்ல படம் துளி லேட்டா வருது, அது வர்றதுக்குள்ள உங்க கண்ணு தாவி முடிச்சு நின்னுடுது. அப்புறம், சுவர் கடிகாரத்தைச் சட்டுனு திரும்பிப் பார்த்தா முதல் செகண்ட் மட்டும் முள்ளு நின்னு போன மாதிரி இருக்கும்ல, அதுவும் இந்த வகையறாதான். தாவுன நேரத்தையும் மூளை அந்த முதல் காட்சியோட கணக்குலயே சேர்த்துடுதுன்னு சொல்றாங்க.

கேள்வி: எல்லார் கண்ணுலயும் ஒரு ஓட்டை இருக்குன்னு காலேஜ் படிக்கிற என் பையன் சொல்றான். கப்சாதானே?

பதில்: பையன் சொல்றது நிஜம். சுமார் 10 லட்சம் நரம்பு இழைகள் ஒண்ணா சேர்ந்து விழித்திரையை விட்டு வெளிய போற இடத்துல ஒளியை வாங்குற செல் ஒண்ணுகூட கிடையாது, அந்த இடம் சுத்தமா குருடு. மரியாட்ங்கிற பிரெஞ்சுக்காரர் 1660-கள்லயே கண்டுபிடிச்சது இது. ஒரு பேப்பர்ல இடது பக்கம் ஒரு கூட்டல் குறி போடுங்க, அதுக்கு நேரா வலது பக்கம் 8 சென்டிமீட்டர் தள்ளி ஒரு புள்ளி வைங்க. இடது கண்ணை மூடிட்டு வலது கண்ணால கூட்டல் குறியை மட்டும் பார்த்துக்கிட்டே பேப்பரை முன்ன பின்ன மெதுவா நகர்த்துங்க, 30 சென்டிமீட்டர் வாக்குல புள்ளி காணாம போயிடும். கண்ணு புள்ளி பக்கம் ஓடத்தான் பார்க்கும், விடாதீங்க.

எனக்குப் பிடிச்சது அதுக்கு அடுத்த கட்டம்தான். புள்ளி போன இடத்துல கறுப்பா ஓட்டை எதுவும் தெரியாது, மஞ்சள் பேப்பரா இருந்தா அங்கேயும் மஞ்சள்தான் தெரியும், புள்ளி வழியா நீளமா ஒரு கோடு இழுத்திருந்தா அந்தக் கோடு அறுபடாம ஓடும். இல்லாத இடத்தை மூளையே இட்டு நிரப்பிடுது, உங்ககிட்ட ஒரு வார்த்தை கேக்கறதில்லை.

கேள்வி: நிலா உதிக்கிறப்ப அவ்வளவு பெருசா இருக்கே, காத்து லென்ஸ் மாதிரி பெருசாக்குதாமே?

பதில்: காத்து மேல பழி போடாதீங்க, அடிவானத்துல அது நிலாவை மேலேருந்து கீழ லேசா நசுக்கத்தான் செய்யும். கீழ இருந்தாலும் உச்சிக்குப் போனாலும் நிலா நம்ம கண்ணுக்கு அரை டிகிரி அளவுதான், கையை நீட்டி சுண்டுவிரலைக் காட்டினா ரெண்டு தடவையும் மறைஞ்சுடும். பெருசாக்குறது மூளை. அடிவானம் ரொம்ப தூரம்னு நினைச்சுக்கிட்டு, அங்கேருந்தே இவ்வளவு தெரியுதுன்னா பெரிய சாமானாத்தான் இருக்கணும்னு அது முடிவு பண்ணுதுங்கிறது பழைய விளக்கம், ஆனா அடிவான நிலா தூரமா தெரியுதா பக்கத்துல தெரியுதான்னு ஜனங்களைக் கேட்டா பக்கத்துலங்கிறாங்க, அதனால இந்தச் சண்டை இன்னும் ஓயலை. விரலை வச்சு அளந்து பார்த்தப்புறமும் நிலா சின்னதாகாது பாருங்க, அங்கதான் விஷயமே இருக்கு, நமக்குத் தெரிஞ்ச உண்மையைப் பார்வை கண்டுக்கறதே இல்லை. குனிஞ்சு கால் இடுக்கு வழியா பார்த்தா கொஞ்சம் சின்னதா தெரியும்பாங்க, யாரும் இல்லாத இடமா பார்த்து செஞ்சுக்குங்க.

கேள்வி: என் ஃப்ரெண்டு நேருக்கு நேர் என்னைப் பார்த்துட்டே கடந்து போனான். கேட்டா, கவனிக்கவே இல்லைங்கிறான். நம்பலாமா?

பதில்: நம்பலாம். சைமன்ஸ், சாப்ரிஸ்னு ரெண்டு பேர் 1999-ல வெளியிட்ட ஆய்வுல, பந்தை எத்தனை தடவை பாஸ் பண்றாங்கன்னு எண்ணிக்கிட்டிருந்தவங்கள்ல கிட்டத்தட்ட பாதிப் பேர், நடுவுல கொரில்லா வேஷம் போட்டு நடந்து போன ஆளைப் பார்க்கவே இல்லை. கவனம் வேற எங்கயோ இருந்தா கண்ணு திறந்திருந்தும் பிரயோஜனம் இல்லை. உங்ககிட்ட அவர் கடன் வாங்கியிருந்தா மட்டும் என் பதிலை வாபஸ் வாங்கிக்கிறேன்.