எள் நூடுல்ஸைக் குளிர வைத்துச் சாப்பிடலாமா?

கேள்வி: எனக்கு வயது 46. உயர் ரத்த அழுத்தத்திற்கு மாத்திரை எடுத்துக்கொள்கிறேன். எள் விழுதும் சோயா சாஸும் கலந்து குளிர்ச்சியாகச் சாப்பிடும் சீன நூடுல்ஸை வீட்டிலேயே செய்து, ஃபிரிட்ஜில் வைத்து இரண்டு மூன்று நாட்களுக்குச் சாப்பிட நினைக்கிறேன். வேகவைத்த நூடுல்ஸை ஆறிய பிறகு சாப்பிட்டால் வயிற்றுக்குக் கெடுதல் என்கிறார் என் கணவர். இது சரிதானா? 9 வயது மகனுக்கும் கொடுக்க ஆசை. ஒருமுறை எள் தூவிய ரொட்டியைச் சாப்பிட்டபோது அவனுக்கு உதடு வீங்கியது. சில மணி நேரத்தில் தானாகவே சரியாகிவிட்டது.

பதில்: நீங்கள் கடைசியில் எழுதியிருப்பதற்குத்தான் நான் முதலில் பதில் சொல்ல வேண்டும். உங்கள் மகனுக்கு இந்த நூடுல்ஸை இப்போது கொடுக்க வேண்டாம். எள் சாப்பிட்டு உதடு வீங்கியது ஒவ்வாமையின் அறிகுறியாக இருக்கலாம். அன்று தானாகச் சரியானதால் அடுத்த முறையும் அவ்வளவோடு நின்றுவிடும் என்று எண்ணிவிடக் கூடாது. ரொட்டியின் மேல் இருந்தவை சில எள் மணிகள்தான், ஆனால் இந்த நூடுல்ஸில் ஒருவர் பங்கிலேயே இரண்டு மேசைக்கரண்டி வரை எள் விழுது சேரும். ஒவ்வாமை மருத்துவர் ஒருவரிடம் காட்டி, உரிய பரிசோதனைகளைச் செய்த பிறகே முடிவெடுங்கள். அதுவரை எள்ளெண்ணெயும் வேண்டாம், ஏனெனில் அதிலும் எள்ளின் புரதம் இருக்கக்கூடும். எள்ளுக்குப் பதிலாக வேர்க்கடலை விழுதைச் சேர்க்கலாம் என்றும் தோன்றலாம். எள் ஒவ்வாமை உள்ள குழந்தைகள் பலருக்கு வேர்க்கடலையும் ஒத்துக்கொள்வதில்லை என்பதால் அதையும் மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். எதையாவது சாப்பிட்டபின் அவனுக்கு மூச்சுத் திணறல், குரல் கம்முதல், தொடர் வாந்தி, மயக்கம் ஆகியவற்றில் ஏதேனும் ஒன்று வந்தாலும் ஒரு நிமிடமும் காத்திராமல் மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். அந்த நிலையில் முதலில் தர வேண்டிய மருந்து எபினெஃப்ரின் ஊசி. ஒவ்வாமை மாத்திரை அதற்கு ஈடாகாது.

இனி உங்கள் கணவரின் கவலைக்கு வருகிறேன். நூடுல்ஸ் குளிர்ந்திருப்பதால் வயிற்றுக்கு எந்தக் கெடுதலும் இல்லை. ஆனால் அது சூட்டிலிருந்து குளிர்ச்சிக்கு வரும் இடைப்பட்ட நேரத்தில் ஆபத்து உண்டு, ஆகவே அவர் கவலைப்படுவதில் நியாயம் இருக்கிறது. அரிசி, கோதுமை போன்ற மாவுப்பொருள் உணவுகளில் பாசில்லஸ் சீரியஸ் என்ற பாக்டீரியாவின் வித்துகள் இருப்பது சாதாரணம். கொதிக்க வைத்தாலும் அவை சாவதில்லை. வெந்த உணவு வெதுவெதுப்பாகக் கிடக்கும்போது அவை முளைத்துப் பெருகி ஒரு நச்சைச் சுரக்கின்றன. அந்த நச்சு 121 டிகிரி செல்சியஸ் வெப்பத்தையும் தாங்கக்கூடியது என்பதால், பிறகு எவ்வளவு சூடாக்கினாலும் பயனில்லை. பெரும்பாலோருக்குச் சாப்பிட்ட அரை மணி முதல் ஆறு மணி நேரத்துக்குள் வாந்தி வந்து ஒரு நாளில் தணிந்துவிடும். மிக அரிதாகக் கல்லீரலும் பாதிக்கப்படலாம்: 2008இல் பெல்ஜியத்தில், அறை வெப்பத்தில் ஐந்து நாட்கள் கிடந்த ஸ்பாகெட்டியைச் சூடாக்கிச் சாப்பிட்ட 20 வயது மாணவர் ஒருவர் இறந்துபோனார். உங்களைப் பயமுறுத்த இதைச் சொல்லவில்லை. ஃபிரிட்ஜில் சரியாக வைத்த உணவில் இப்படி நேர வாய்ப்பில்லை.

ஆகவே நூடுல்ஸ் வெந்ததும் வடித்து, உடனே குளிர்ந்த நீரில் அலசி, நீரை நன்றாக வடியவிட்டு, ஒட்டாமல் இருக்கச் சிறிது எள்ளெண்ணெய் பிசறி, ஆழமில்லாத அகலமான பாத்திரத்தில் பரப்பி ஃபிரிட்ஜில் வையுங்கள். அலசும் நீரும் அதில் போடும் பனிக்கட்டியும் குடிக்கத் தகுந்த நீராகவே இருக்க வேண்டும், ஏனெனில் அதன் பிறகு இந்த உணவை நீங்கள் சூடாக்கப்போவதில்லை. சமைத்த நூடுல்ஸ் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியில் இருக்கக் கூடாது; கடும் வெயில் காலத்தில் ஒரு மணி நேரத்துக்கு மேல் கூடாது. ஃபிரிட்ஜின் உள்வெப்பம் 4 டிகிரிக்கு மேல் போகாமல் பார்த்துக்கொண்டால் மூன்று நாட்கள் வரை சாப்பிடலாம்.

சாஸைத் தனியாக வையுங்கள். எள் விழுதில் ஈரம் மிகக் குறைவு என்பதால் அது வெளியிலேயே கெடாமல் இருக்கும். தண்ணீர் சேர்த்துக் கலக்கிய பிறகு அந்தப் பாதுகாப்பு போய்விடுகிறது, அதையும் ஃபிரிட்ஜில்தான் வைக்க வேண்டும். பூண்டையும் வெள்ளரிக்காயையும் அன்றன்று நறுக்கிச் சேருங்கள். பச்சைப் பூண்டை எண்ணெயில் ஊறப்போட்டு வெளியில் வைக்கும் பழக்கம் இருந்தால் தயவுசெய்து விட்டுவிடுங்கள்; காற்றுப் புகாத அந்த எண்ணெய்க்குள் பொட்டுலிசம் என்ற கொடிய நோயை உண்டாக்கும் பாக்டீரியா வளரக்கூடும்.

உங்களைப் பொறுத்தவரை நான் மிகவும் கவலைப்படுவது உப்பைப் பற்றித்தான். உப்பில் உள்ள சோடியம்தான் ரத்த அழுத்தத்தை ஏற்றுகிறது; ஒரு மேசைக்கரண்டி சோயா சாஸில் ஏறத்தாழ 900 மில்லிகிராம் சோடியம் இருக்கிறது. ஒரு நாள் முழுவதற்கும் 2,000 மில்லிகிராமுக்குக் குறைவாக இருக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஒருவர் பங்கில் ஒன்றரை மேசைக்கரண்டி சோயா சாஸ் போய்விட்டால், ஒரே வேளையில் அந்த அளவில் மூன்றில் இரண்டு பங்கு முடிந்துவிடும். எள் விழுதில் முதலில் சிறிது நீர் சேர்க்கும்போது அது இளகாமல் இறுகும். அதைக் கண்டு பலர் மேலும் மேலும் சோயா சாஸை ஊற்றுகிறார்கள். பொறுமையாக வெந்நீரையே கரண்டி கரண்டியாகச் சேர்த்துக் கலக்கினால் தானாகவே இளகி வழவழப்பாகும். ஒருவருக்கு ஒரு தேக்கரண்டி சோயா சாஸ் போதும். புளிப்புக்கு வினிகரும், காரத்துக்கு மிளகாயும் இஞ்சியும், மணத்துக்கு வறுத்த எள்ளும் இருக்கும்போது உப்புக் குறைவது நாக்குக்கு அவ்வளவாகத் தெரியாது. நூடுல்ஸ் வேகும் நீரில் உப்புப் போட வேண்டாம். சில நூடுல்ஸில் மாவிலேயே உப்புச் சேர்க்கிறார்கள் என்பதால் பாக்கெட்டின் மேலுள்ள சோடியம் அளவையும் பாருங்கள்.

சோடியம் குறைத்த சோயா சாஸ் வாங்கினாலும் அளந்தே ஊற்றுங்கள். அதிலும் ஒரு மேசைக்கரண்டிக்கு 500 மில்லிகிராமுக்கு மேல் இருப்பது வழக்கம். உப்புக்கு மாற்றாக விற்கப்படும் பொருட்களிலும், சில சோயா சாஸ் வகைகளிலும் பொட்டாசியம் குளோரைடு சேர்க்கப்படுகிறது. ரத்த அழுத்தத்திற்குத் தரப்படும் சில மாத்திரைகள் உடலில் பொட்டாசியத்தைத் தேக்கி வைக்கக்கூடியவை; சிறுநீரகக் கோளாறும் சேர்ந்தால் இதயத் துடிப்பே பாதிக்கப்படலாம். உங்கள் மாத்திரையின் பெயரை நீங்கள் எழுதவில்லை என்பதால், உங்களுக்கு மருந்து எழுதித்தந்த மருத்துவரிடம் கேட்காமல் அத்தகைய மாற்று உப்பைத் தொடங்க வேண்டாம்.