லைக் குறைந்தால் கைத்திறன் குறைந்துவிட்டதா?

கேள்வி: அக்கா, வீட்டிலிருந்தே பிளவுஸுக்கு ஆரி வேலை செய்து கொடுக்கிறேன். இன்ஸ்டாகிராமில் படம் போட்டால் முன்பு இருநூறு லைக் வரும். இப்போது முப்பதைத் தாண்டுவதில்லை. இதே வேலை செய்யும் என் நாத்தனாருக்கு ஆயிரக்கணக்கில் வருகிறது. ராத்திரி இரண்டு மணிக்கு விழித்து அவர் பக்கத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறேன். ஊசியைத் தொடவே மனசு வரவில்லை. எனக்குத் திறமை இல்லையோ?
- வாசகி, திருமங்கலம்

பதில்: தங்கச்சி, முகூர்த்த மாசத்தில் பட்டுத்துணியோடு உங்கள் வாசலில் வந்து நிற்கிறவர்களில் எத்தனை பேர் லைக் போடுகிற ரகம்? கழுத்தோரத்து ஜர்தோசியை நகத்தால் நெருடிப் பார்த்து, "துவைச்சா கொட்டாதுல்ல?" என்று கேட்பார்களே, உங்கள் வேலைக்கு மார்க் போட வேண்டியவர்கள் அவர்கள்தான்.

நீங்கள் போடும் படம் உங்களைப் பின்தொடர்கிற எல்லோர் கண்ணிலும் படுவதில்லை. யாருக்குக் காட்டுவது என்பதைக் கம்பெனியின் கணினி முடிவு செய்கிறது. 2020-ல் ரீல்ஸ் வந்த பிறகு அங்கே வீடியோவுக்குத்தான் மவுசு. நாத்தனார் வீடியோ போடுகிறவராக இருக்கலாம். அதற்கும் உங்கள் தையலுக்கும் என்ன சம்பந்தம்?

மனிதர்கள் தங்களைப் போன்றவர்களோடுதான் தங்களை ஒப்பிட்டுப் பார்ப்பார்கள் என்று அமெரிக்க உளவியலாளர் லியான் ஃபெஸ்டிங்கர் 1954-லேயே எழுதினார். சினிமா நடிகையைப் பார்த்து எரியாத வயிறு, அதே வேலை செய்யும் சொந்தக்காரியைப் பார்த்தால் எரியும். (நாத்தனார் என்றால் ஒரு பிடி கூடுதலாகவே எரியும், அது தனிக்கதை.) உங்களுக்கு மட்டும் வந்த வியாதி இல்லை.

சரி, இப்போது செய்ய வேண்டியது. நாத்தனார் பக்கத்தை மியூட் செய்யுங்கள்; அவருக்குத் தெரியாது, கல்யாண வீட்டில் முகம் கொடுத்துப் பேசலாம். லைக் எண்ணிக்கையை மறைக்கும் வசதி 2021-லிருந்தே இருக்கிறது, போட்டுவிடுங்கள். ஆர்டர் வருகிற இடம் என்பதால் கணக்கை மூடச் சொல்ல மாட்டேன். படத்தைப் போட்டுவிட்டு வெளியே வந்துவிடுங்கள். பென்சில்வேனியா பல்கலைக்கழக ஆய்வு ஒன்றில் (2018), இப்படிப்பட்ட செயலிகளை நாளுக்கு அரை மணி நேரமாகக் குறைத்த மாணவர்களுக்கு மூன்றே வாரத்தில் தனிமை உணர்வும் மனச்சோர்வும் குறைந்தன. ராத்திரி போனை அடுப்படியில் வைத்துவிட்டுப் படுங்கள். அலாரத்துக்கு ஒரு பழைய கடிகாரம் போதும்.

இரண்டு வாரத்துக்கு மேலும் தூக்கம் வரவில்லை, வேலையில் மனசு ஓடவில்லை என்றால் 14416-க்குக் கூப்பிடுங்கள். அரசின் டெலி மானஸ் சேவை அது. இலவசம், தமிழிலேயே பேசலாம். நேரில் பார்க்க வேண்டுமானால் மதுரைப் பெரியாஸ்பத்திரியில் மனநலப் பிரிவு இருக்கிறது. சீட்டு வாங்கக் கூட்டம் இருக்கும், காலையிலேயே கிளம்பிவிடுங்கள்.