ஸ்போர்ட்டி கார், பனி ரோடு, ஒரு செட் டயருக்கு மட்டும் பணம்: எதை வாங்குவது?

கேள்வி: வணக்கம் மேடம். வேலை மாற்றலாகிப் பனி அதிகம் விழும் ஊருக்கு வந்திருக்கிறேன். ஆசைப்பட்டு வாங்கிய செகண்ட் ஹேண்ட் ஸ்போர்ட்டி ஹேட்ச்பேக் வைத்திருக்கிறேன். முன் சக்கரங்கள் இழுக்கும் வண்டி, 18 இன்ச் அலாய் வீல், டயர் அளவு 225/40 ஆர்18. ஆண்டுக்குச் சுமார் 15,000 கிலோமீட்டர் ஓட்டுவேன். அதில் 6,000 பனிக்காலத்தில் போகும். மெயின் ரோட்டில்தான் அதிகம், பனியையும் சீக்கிரமே அள்ளிவிடுகிறார்கள். ரொம்ப மோசமான நாளில் வீட்டிலிருந்தே வேலை பார்க்கலாம். இப்போதுள்ள டயர் தேய்ந்துவிட்டது. கையில் ஒரு நல்ல செட்டுக்கான பணம்தான் இருக்கிறது. ‘எல்லாம் ரப்பர்தானே, மலிவானதைப் போடு’ என்கிறார் ஒரு நண்பர். வெயிலுக்கு ஒன்று, பனிக்கு ஒன்று என இரண்டு செட் வாங்கியே ஆக வேண்டும் என்கிறார் இன்னொருவர். கடைக்காரரோ ஸ்போர்ட்டி காருக்கென்றே வந்த விலை உயர்ந்த ஆல் சீசன் டயரைக் காட்டி, வட்டியில்லாத் தவணையில் தருகிறேன் என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது?

பதில்: முதலில் முடிவைச் சொல்லிவிடுகிறேன். உங்கள் நிலையில் ஒரே செட் போதும். ஆனால் அது பனிச் சின்னம் உள்ள ஆல் சீசன் டயராக இருக்க வேண்டும். 18 இன்ச்சில் வாங்காமல் 17 அல்லது 16க்கு இறங்குங்கள். பனிக்காலத்துக்குச் சற்று முன்பாக வாங்குங்கள். இந்த மூன்றிலும் கடைசியாகச் சொன்னதுதான் உங்கள் பணத்தை அதிகம் காப்பாற்றும். அதைத்தான் யாரும் சொல்வதில்லை.

சின்னத்திலிருந்து தொடங்குவோம். ஆல் சீசன் என்று விற்கும் டயரெல்லாம் பனிக்கு ஆகும் என்று நினைத்துவிடாதீர்கள். டயரின் பக்கச்சுவரில் எம்+எஸ் என்ற எழுத்து இருந்தால், சேற்றுக்கும் பனிக்கும் ஏற்ற வடிவில் பட்டன் (ரோட்டைத் தொடும் ரப்பரின் மேடு பள்ளம்) வெட்டியிருக்கிறார்கள் என்று மட்டுமே அர்த்தம். அந்த எழுத்தைப் போடுவதற்குப் பனியில் எந்தச் சோதனையும் தேவையில்லை. மூன்று சிகரமுள்ள மலையும் அதற்குள் ஒரு பனிப்பூவும் வரைந்த சின்னம் வேறு. இறுகிய பனியில் ஓட்டிப் பார்த்து, ஒப்பீட்டுக்கு வைத்த டயரைவிடக் குறிப்பிட்ட அளவு கூடுதலாகப் பிடிப்பு இருந்தால்தான் அதைப் போட முடியும். வழுக்கும் கண்ணாடிப் பனிக்கட்டியில் எப்படி நிற்கும் என்பதற்கு அதுவும் முழு உத்தரவாதம் இல்லை. ஆனாலும் வெறும் எம்+எஸ்ஸை விட எவ்வளவோ மேல்.

கடைக்காரர் காட்டிய ‘அல்ட்ரா ஹை பெர்ஃபாமன்ஸ்’ ரகத்தில் பல டயர்களில் எம்+எஸ் மட்டுமே இருக்கும். மலைச் சின்னம் உள்ளவையும் உண்டு. எனவே பெயரைக் கேட்டு முடிவு செய்ய வேண்டாம், குனிந்து பக்கச்சுவரைப் பாருங்கள். அந்த ரகத்துக்கு நீங்கள் கொடுக்கும் கூடுதல் பணம் பெரும்பாலும் காய்ந்த ரோட்டில் வேகமாக வளைவதற்கும் 240, 270 கிலோமீட்டர் வேகத்தைத் தாங்குவதற்கும் போகிறது. உங்கள் கவலை காலை எட்டு மணிக்குச் சிக்னலில் வண்டி நிற்குமா என்பது.

இன்னொன்று, சில இடங்களில் இது சட்டமாகவே இருக்கிறது. கனடாவின் கியூபெக்கில் டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை பனிக்கான டயர் கட்டாயம். ஜெர்மனியில் 2024 அக்டோபர் முதல், பனி ரோட்டுக்கு வெறும் எம்+எஸ் செல்லாது, மலைச் சின்னம் வேண்டும். நீங்கள் இருக்கும் இடத்தின் விதியை வாங்கும் முன் பார்த்துவிடுங்கள். அபராதமும் செலவுதானே.

சரி, இப்போது கணக்கு. உங்கள் பணம் எந்த நாட்டுப் பணமாக இருந்தாலும், பனிச் சின்னமுள்ள ஒரு நல்ல செட்டின் விலை 100 என்று வைத்துக்கொள்வோம். அது முழுதாகத் தேய 60,000 கிலோமீட்டர் ஆகும் என்றும் வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு 15,000 ஓட்டினால் நான்கு ஆண்டு வரும், ஆண்டுக்கு 25 செலவு. எல்லோரும் போடும் கணக்கு இது. பனி ஊரில் இது பொய்த்துப்போகும்.

காரணம் பட்டனின் ஆழம். புது டயரில் அது ஏறக்குறைய 8 மில்லிமீட்டர் இருக்கும். பல நாடுகளில் சட்டப்படி 1.6 மில்லிமீட்டர் வரை ஓட்டலாம். ஆனால் பனியைக் கவ்விப் பிடிக்கும் வேலையை டயர் அதற்கு வெகு முன்பே நிறுத்திவிடுகிறது. 4 மில்லிமீட்டருக்குக் கீழே போனதும் பள்ளங்களுக்குள் பனியை அடக்கிப் பிடிக்க இடமில்லை, ரப்பரில் கீறியிருக்கும் மெல்லிய வெட்டுகளும் மழுங்கிவிடும். பார்வைக்கு ‘இன்னும் பாதி பட்டன் இருக்கே’ என்று தோன்றும். பனியில் அது கிட்டத்தட்ட மொட்டை டயர்தான். ஆக நீங்கள் காசு கொடுத்து வாங்குவது 8இலிருந்து 4 வரை உள்ள ரப்பரை. மிச்சம் வெயில் காலத்துக்கு.

இதை வைத்துப் பாருங்கள். 60,000 கிலோமீட்டரில் 6.4 மில்லிமீட்டர் தேய்ந்தால், ஆண்டுக்கு உங்களுக்கு 1.6 தேயும். பனிக்காலம் முடிந்த கையோடு புது செட் போட்டால், முதல் பனிக்காலம் தொடங்கும்போதே ஏறக்குறைய 7 ஆகியிருக்கும். இரண்டாவதற்கு 5.4. மூன்றாவது பனிக்காலம் வரும்போது 3.8, அதாவது மாற்றியாக வேண்டும். 100 கொடுத்து இரண்டே பனிக்காலம், இரண்டரை ஆண்டு. ஆண்டுக்கு 40.

அதே டயரைப் பனிக்காலத்துக்குச் சற்று முன் போட்டால்? முதல் பனிக்காலம் முழு 8இல் தொடங்கும். இரண்டாவது 6.4இல். மூன்றாவது 4.8இல் தொடங்கி, பனி உருகும்போது ஏறக்குறைய 4.2க்கு வந்து நிற்கும். மிச்சத்தை அடுத்து வரும் வெயில் மாதங்களில் ஓட்டித் தீர்த்துவிட்டு, அடுத்த பனிக்கு முன் மாற்றலாம். மூன்று பனிக்காலம், மூன்று ஆண்டு. ஆண்டுக்கு 33. அதே டயர், அதே விலை. எந்த மாதத்தில் மாட்டினீர்கள் என்பதில் மட்டும் ஆண்டுக்கு 7 மிச்சம். நான் இந்தக் கணக்கை முதன்முதலில் காகிதத்தில் போட்டபோது இரண்டு முறை சரிபார்த்தேன். டயர் எல்லா இடத்திலும் ஒரே சீராகத் தேயாது. உங்கள் எண்கள் கொஞ்சம் மாறும், ஆனால் திசை மாறாது.

மலிவு டயர் பக்கம் வருவோம். அது 65 விலை, 35,000 கிலோமீட்டரில் தேயும் என்று எடுத்துக்கொள்கிறேன். பனிக்கு முன் போட்டாலும் இரண்டாவது பனிக்காலம் முடியும்போது 4ஐத் தொட்டுவிடும். 65ஐ இரண்டால் வகுத்தால் 32.5. நல்ல டயருக்கு 33! மூன்றில் ஒரு பங்கு விலை குறைத்து வாங்கியும், ஆண்டுக் கணக்கில் மிச்சம் ஒன்றுமில்லை. அதோடு சீக்கிரமே இன்னொரு முறை மாட்டும் கூலி, பேலன்சிங், அலைன்மென்ட். ‘எல்லாம் ரப்பர்தானே’ என்கிற நண்பரிடம் இதைச் சொல்லுங்கள். குளிரில் ரப்பர் விறைப்பதில்தான் வித்தியாசமே இருக்கிறது. ஏழு டிகிரிக்குக் கீழே போனால் வெயில் காலக் கலவை இறுக ஆரம்பிக்கும், நல்ல பனிக் கலவை அந்தக் குளிரிலும் நெகிழ்வாக இருக்கும்.

மலிவு வேண்டும் என்றால் அதற்கு வேறு வழி இருக்கிறது, ரிம்மைச் சின்னதாக்குவது. டயர் அளவில் முதல் எண் அகலம், கடைசி எண் ரிம்மின் இன்ச். உங்கள் 225/40 ஆர்18 டயரின் வெளி விட்டம் சுமார் 637 மில்லிமீட்டர். 225/45 ஆர்17 சுமார் 634. 205/55 ஆர்16 சுமார் 632. ஒரு சதவீதம்கூட வித்தியாசம் இல்லை, ஸ்பீடோமீட்டர் குழம்பாது. பொதுவாக அளவு இறங்க இறங்க டயர் விலை இறங்கும். அப்புறம், ஒல்லியான டயர் பனியை அழுத்தி உள்ளே இறங்கும், அகலமானது மேலே மிதக்கும். பக்கச்சுவர் உயரமாக இருப்பதால் பனி மூடிய குழியில் விழுந்தாலும் ரிம் தப்பும். 18 இன்ச் அலாய் வீல் வண்டிக்கு அழகுதான், எனக்கும் தெரியும். நல்ல நிலையில் இருந்தால் அதை விற்று, அந்தப் பணத்தில் பழைய 16 அல்லது 17 இன்ச் ரிம் நான்கு எடுக்க முடியுமா என்று பாருங்கள்.

இதில் இரண்டு விஷயத்தில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். ஸ்போர்ட்டி காரில் சக்கரத்துக்குள் இருக்கும் பிரேக் காலிப்பர் (பிரேக் தட்டைக் கவ்வும் பாகம்) பெரியதாக இருக்கும், 16 இன்ச் ரிம் அதில் உரசலாம். கைப்புத்தகத்தில் அந்த அளவு அனுமதிக்கப்பட்டிருக்கிறதா என்று பார்த்து, ஒரு ரிம்மை மாட்டிச் சுற்றியும் பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள். இரண்டாவது, சுமை எண். உங்கள் பழைய டயரில் 92 என்று இருந்தால் ஒரு டயர் 630 கிலோ தாங்கும். 205/55 ஆர்16இல் சாதாரணமாகக் கிடைக்கும் 91 என்பது 615 கிலோதான், அது போதாது. அதே அளவில் 670 கிலோ தாங்கும் 94 கேட்டு வாங்குங்கள். டயர் தாங்கும் உச்ச வேகத்தைக் காட்டும் வேக எழுத்தையும் கைப்புத்தகம் சொல்வதற்குக் கீழே இறக்க வேண்டாம், விபத்து என்று வந்தால் இன்சூரன்சில் கேள்வி வரும்.

இரண்டு செட் யோசனை தவறில்லை. இரண்டு செட் என்றால் இரட்டைச் செலவு என்று பயப்படவும் வேண்டாம், ஒன்று ஓடும்போது மற்றது தேயாது. வெயில் செட் 100க்கு ஐந்து ஆண்டு, 16 இன்ச் பனி செட் 75க்கு நான்கு பனிக்காலம், ரிம் 60க்குப் பத்து ஆண்டு, மாற்றும் கூலி ஆண்டுக்கு 5 என்று போட்டுப் பார்த்தேன். ஆண்டுக்கு 50 வருகிறது. உங்கள் 33ஐ விட 17 அதிகம். மலைப் பாதையில் வீடு இருந்து, பனி அள்ளும் வண்டி வருவதற்கு முன்பே கிளம்பியாக வேண்டியவராக நீங்கள் இருந்தால், இந்த 17ஐக் கொடுங்கள் என்று அடித்துச் சொல்வேன். உங்களால் மோசமான நாளில் வீட்டிலேயே இருக்க முடிகிறது. அந்த வசதிக்கு ஆண்டுக்கு 17 மதிப்பு இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளுங்கள். ஆனால் அந்த நாளில் உண்மையிலேயே வண்டியை எடுக்கக்கூடாது.

இதை நான் அனுபவித்துத்தான் சொல்கிறேன். பனி ஊரில் என் முதல் குளிர்காலத்தில், பாதி தேய்ந்த எம்+எஸ் டயரோடு சின்ன இறக்கத்தில் பிரேக் பிடித்தேன். வேகம் நடக்கிற வேகம்தான். வண்டி நிற்கவில்லை. பிரேக் பெடல் காலுக்கடியில் அதிர்ந்துகொண்டே இருக்க, வண்டி ஆற அமர வழுக்கிப் போய் பிளாட்பாரக் கல்லில் இடித்தது. எனக்கு ஒரு கீறல் இல்லை. ரிம் வளைந்தது, உள்ளே சஸ்பென்ஷன் ஆர்ம் போனது. பில் ஒரு செட் டயர் விலையைத் தாண்டியது. இன்சூரன்சில் நாமே முதலில் கட்ட வேண்டிய தொகை என்று ஒன்று இருக்கிறதே, பில் அதற்குள் அடங்கிவிட்டதால் முழுதும் என் கையிலிருந்து போனது. உங்கள் பாலிசியில் அந்தத் தொகை எவ்வளவு என்று இன்றே எடுத்துப் பாருங்கள்.

வாங்கும்போது பக்கச்சுவரில் டிஓடி என்று தொடங்கும் வரியின் கடைசி நான்கு எண்ணைப் படியுங்கள். 3523 என்றால் 2023ஆம் ஆண்டின் 35வது வாரம் செய்தது. தள்ளுபடி விலையில் வருவது சில நேரம் பல ஆண்டு கிடங்கில் கிடந்த சரக்கு. பழைய டயர் வேண்டவே வேண்டாம். நான்கையும் ஒரே ரகமாகப் போடுங்கள். முன் சக்கரங்கள் இழுக்கும் வண்டியில் முன் டயர் சீக்கிரம் தேயும், 8,000 முதல் 10,000 கிலோமீட்டருக்கு ஒரு முறை முன்னும் பின்னும் மாற்றிப் போட்டால்தான் என் கணக்கு உங்களுக்கும் வரும். காற்றையும் மறக்காதீர்கள். வெளியே ஐந்தாறு டிகிரி குறைந்தாலே டயரில் ஏறக்குறைய 1 பிஎஸ்ஐ இறங்கும்.

தவணை பற்றிக் கேட்டீர்கள். வட்டியில்லாத் தவணை தன்னளவில் கெட்டதல்ல. ரொக்கம் கொடுத்தால் விலை குறையுமா, செயலாக்கக் கட்டணம் உண்டா என்ற இரண்டு கேள்வியைக் கேளுங்கள். இரண்டுக்கும் இல்லை என்று பதில் வந்தால், நான் மேலே சொன்ன டயரையே தவணையில் எடுத்து, கையிலுள்ள பணத்தை அவசரத்துக்கு வைத்துக்கொள்ளலாம். மாதத் தொகை சின்னதாகத் தெரிகிறதே என்று விலை உயர்ந்த ரகத்துக்குத் தாவுவதுதான் ஆபத்து. ரொக்கமாக வாங்கினால், மாட்டிய மாதத்திலிருந்தே செட் விலையை 36ஆல் வகுத்து அந்தத் தொகையை மாதாமாதம் தனிக் கணக்கில் போட்டு வாருங்கள். மூன்று ஆண்டு முடிந்து, நான்காவது பனிக்காலத்துக்கு முன் அடுத்த செட்டுக்கான பணம் தயாராக இருக்கும்.

முதல் பனி விழுந்த அன்று கடையில் கூட்டம் அலைமோதும், நல்ல அளவெல்லாம் தீர்ந்திருக்கும். ஒரு மாதம் முன்பே போங்கள். ஆழம் அளக்கும் சின்னக் கருவி ஒன்றும் வாங்கிக்கொள்ளுங்கள். மாட்டிய தேதியையும் அன்றைய ஆழத்தையும் கைப்புத்தகத்தின் முதல் பக்கத்தில் எழுதி வையுங்கள். ஒவ்வொரு பனிக்காலத்துக்கும் முன்பு அதற்குக் கீழே ஒரு வரி சேருங்கள்.